கனகராயன் ஆற்று வெள்ளத்தைக் கணினியில் ஓட்டிப் பார்ப்பது எப்படி

ஐப்பசி பிறந்தாலே எனக்குத் தொலைபேசி அழைப்புகள் வரத் தொடங்கிவிடும். "பிள்ளை, எங்கட பக்கத்துக்கு ஒரு வெள்ள வரைபடம் அடிச்சுத் தரேலுமோ?" என்று கமக்கார அமைப்பிலிருந்து ஓர் ஐயா கேட்பார். பிரதேச சபைத் தொழில்நுட்ப உத்தியோகத்தர் ஒருவர் கேட்பார். இறுதியாண்டு ஆய்வுக்குத் தலைப்புத் தேடும் தம்பி தங்கச்சிமார் கேட்பார்கள். 2025 நவெம்பரில் டித்வா புயல் வந்துபோன பிறகு கேட்பவர்கள் இன்னும் கூடிவிட்டார்கள். ஒவ்வொருவருக்கும் சொல்வதை ஓரிடத்தில் எழுதி வைத்தால் எனக்கும் வாய் நோகாது.

நான் முரசுமோட்டைக்காரி, குடிசார் பொறியியல் படித்தவள். அதனால் உதாரணங்கள் எல்லாம் இரணைமடுக் குளத்துக்குக் கீழே, கனகராயன் ஆறு சுண்டிக்குளம் களப்புக்குப் போகும் வழியில் இருந்துதான் வரும். இடையிடையே கிளிநொச்சி நகரும் வரும். உங்கள் இடம் முத்தையன்கட்டு, வவுனிக்குளம், அருவி ஆறு என்று எதுவாக இருந்தாலும் பெயர்களை மாற்றிக்கொள்ளுங்கள். வேலை ஒன்றுதான்.

முதலில் ஒரு விஷயம். வெள்ளத்தைக் கணிக்கும் மென்பொருள்களோடு வரும் கையேடுகள் மலையும் பள்ளத்தாக்கும் உள்ள ஆறுகளை மனதில் வைத்து எழுதப்பட்டவை. ஆற்றுக்குக் குறுக்கே வெட்டுமுகம் எடு, கரை எங்கே என்று குறி, தண்ணீரை விடு என்று சொல்லும். வன்னியில் அது சரிவராது. எங்கள் நிலம் தட்டை. ஆறு நிரம்பி ஒருமுறை வயலுக்குள் இறங்கிவிட்டால், அதற்குப் பிறகு தண்ணீர் எங்கே போவது என்பதைத் தீர்மானிப்பது ஆறு இல்லை. குளக்கட்டு, வீதி, ரயில் பாதை, வாய்க்கால் கட்டு, வீதிக்கு அடியால் தண்ணீர் போகும் மதகு. இவற்றின் உயரமும் வாயும் மொடலுக்குள், அதாவது கணினியில் கட்டும் மாதிரிக்குள், சரியாக இருந்தால் மற்றதெல்லாம் ஓரளவு பிழைத்தாலும் பாதகமில்லை. இவை இல்லையென்றால் எவ்வளவு அழகான வரைபடம் வந்தாலும் அதைச் சுவரில் மாட்டத்தான் முடியும்.

கேள்வியை எழுதிக்கொண்டு தொடங்குங்கள்

"எங்கே வெள்ளம் வரும்?" என்பதற்குக் கணினி தேவையில்லை. ஊரியானில், கண்டாவளையில் எந்த வீட்டில் கேட்டாலும் சொல்வார்கள். கணினியிடம் கேட்க வேண்டியது மனிதர் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாததை.

இரணைமடு வான்கதவுகள் (குளம் நிரம்பினால் மிச்சத் தண்ணீரை வெளியே விடும் கதவுகள்) முழுதாகத் திறந்து எத்தனை மணித்தியாலத்தில் பரந்தன் - முல்லைத்தீவு வீதிக்கு மேலால் தண்ணீர் பாயும்? இடைத்தங்கல் முகாமாக வைத்திருக்கும் பாடசாலைக்குப் போகும் பாதைகளில் எது கடைசிவரை திறந்திருக்கும்? நகரில் ஒரு தாழ்ந்த காணியை மண் போட்டு உயர்த்திக் கடைத்தொகுதி கட்டினால் பின்னால் இருக்கும் வீடுகளில் எத்தனை சென்ரிமீற்றர் தண்ணீர் கூடும்? கனகாம்பிகைக்குளம் வான் பாயும்போது இரத்தினபுரத்துத் தாழ்ந்த வீடுகளுக்கு எவ்வளவு நேரம் இருக்கிறது? இப்படி மூன்று நான்கு கேள்விகளைத் தாளில் எழுதி மேசையில் ஒட்டுங்கள். நிலத்தைக் கணிப்புக்காகக் கட்டம் கட்டமாகப் பிரிக்கும்போது எந்த இடத்தில் சிறிய கட்டம் போடுவது, எங்கே அளக்கப் போவது, எதை விட்டுவிடுவது என்பதெல்லாம் அந்தத் தாளில் இருந்துதான் வரும்.

மென்பொருள்

இதில் அதிகம் யோசிக்க ஒன்றுமில்லை. வெள்ள ஓட்டத்தைக் கணிக்க அமெரிக்க இராணுவப் பொறியியலாளர் பிரிவின் நீரியல் மையம் வெளியிடும் எச்.ஈ.சி-ராஸ், மழையை ஓட்டமாக மாற்ற அதே மையத்தின் எச்.ஈ.சி-எச்.எம்.எஸ், வரைபட வேலைக்குக் கியூ.ஜி.ஐ.எஸ். மூன்றும் இலவசம். ராஸில் 2016இல் வந்த 5ஆம் பதிப்பிலிருந்து, தண்ணீர் எல்லாப் பக்கமும் பரவுவதைப் பார்க்கும் இருபரிமாணக் கணிப்பு இருக்கிறது. தட்டை நிலத்துக்கு அதுதான் வேண்டும். 6ஆம் பதிப்பு எடுத்தால் நில மட்டத்தை உள்ளேயே திருத்தலாம், அது எங்களுக்குப் பெரிய உதவி. 16 ஜிபி நினைவகம் உள்ள விண்டோஸ் மடிக்கணினி போதும். இலட்சக்கணக்கில் விற்கும் மென்பொருளைக் களவாக இறக்கிப் பாவிக்காதீர்கள். அறிக்கை கச்சேரிக்கு (மாவட்டச் செயலகத்துக்கு) போகும்போது "எதில் செய்தது?" என்று கேட்டால் தலையைச் சொறிய வேண்டிவரும்.

நில மட்டம்

நில மட்டத் தரவு இல்லாமல் ஒன்றும் நகராது. நில அளவைத் திணைக்களத்திடம் உங்கள் பகுதிக்கு லைடார் தரவு இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். விமானத்திலிருந்து லேசர் கதிர் விட்டு அளந்தது அது. கிடைத்தால் பாதி வேலை முடிந்தது. கிடைக்காவிட்டால் செய்மதித் தரவுதான். 2000ஆம் ஆண்டு பெப்ரவரியில் விண்ணோடத்திலிருந்து எடுத்த எஸ்.ஆர்.ரீ.எம் ஒன்று, அதைவிடப் புதிய கோப்பர்நிக்கஸ் 30 மீற்றர்த் தரவு ஒன்று. நான் கோப்பர்நிக்கஸைத்தான் எடுப்பேன்.

ஆனால் அது தரையை அளந்தது இல்லை, மேற்பரப்பை அளந்தது. பனந்தோப்பு இருந்தால் பனையின் தலைதான் அதற்கு நிலம். ஆற்றங்கரை மருத மரங்கள் எல்லாம் அதற்கு ஒரு பெரிய அணை. அப்படியே மொடலுக்குள் போட்டால் தண்ணீர் ஆற்றை விட்டு வெளியேறாமல் மருத மரங்களுக்குள்ளேயே நிற்கும். மரமும் கட்டடமும் கழித்துத் திருத்திய பேப்டெம் என்ற தரவு இருக்கிறது. பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தார் கோப்பர்நிக்கஸில் இருந்து உருவாக்கியது. வணிகம் அல்லாத வேலைகளுக்கு இலவசம். மாணவர்கள் அதை எடுங்கள்.

எதை எடுத்தாலும் 30 மீற்றர் அகலக் கட்டத்துக்குள் 5 மீற்றர் அகல வீதி காணாமல் போய்விடும். மூன்று மீற்றர் உயரக் குளக்கட்டு கரைந்து ஒரு மேடாகிவிடும். அதைக் கையால்தான் திரும்பக் கட்ட வேண்டும்.

இன்னொன்று ஆள்கூற்று முறை, இடத்தை எண்ணால் குறிக்கும் முறை. மென்பொருளில் இலங்கையின் 1999 கட்டமைப்புக்கு இலக்கம் 5235. பழைய கட்டமைப்புக்கு 5234. பழையதில் தொடக்கப் புள்ளிக்கு 200,000 மீற்றர் கொடுத்திருக்கிறார்கள், புதியதில் 500,000. இரண்டையும் கலந்தால் கிளிநொச்சி கிழக்கில் முந்நூறு கிலோமீற்றரும் வடக்கில் முந்நூறு கிலோமீற்றரும் தள்ளிக் கடலில் நிற்கும். அவ்வளவு தூரம் தள்ளினால் உடனே கண்டுபிடித்துவிடலாம். உயர விஷயம்தான் ஆபத்து. குளத்து நீர்மட்டம் அடிக் கணக்கில், துருசு (குளத்துத் தண்ணீரை வாய்க்காலுக்குத் திறந்துவிடும் வாய்) மட்டத்தில் இருந்து சொல்லப்படும். இரணைமடுவுக்கு 36 அடி என்றால் அது கடல் மட்டத்திலிருந்து 36 அடி இல்லை. திணைக்களத்து மட்டக்குறி எது, அதன் கடல்மட்ட உயரம் எவ்வளவு என்று கேட்டு எழுதிக்கொண்டு வாருங்கள்.

நடக்க வேண்டிய வேலை

இதைத்தான் எல்லாரும் தவிர்க்கப் பார்ப்பார்கள். கோடை காலத்தில், ஆவணி புரட்டாதியில், வாய்க்கால் காய்ந்து கிடக்கும்போது போங்கள். மட்டம் பார்க்கும் கருவியும் ஸ்டாஃபும், அல்லது கடனாகவாவது ஓர் ஆர்.டி.கே ஜீ.பி.எஸ் (சென்ரிமீற்றர் கணக்கில் துல்லியமாக அளப்பது), அளவு நாடா, ஒரு கொப்பி, ஒரு மண்வெட்டி. மண்வெட்டி ஏன் என்று மதகடியில் தெரியும்.

வீதி ஒன்றை எடுத்தால் அதன் முகட்டு உயரத்தை நூறு மீற்றருக்கு ஒருமுறை எடுங்கள். தாழ்ந்த இடம் கண்ணில் பட்டால் பத்து மீற்றருக்கு ஒருமுறை. வெள்ளம் கடப்பது அந்தத் தாழ்வில்தான். ஊர்க்காரர் எவரையாவது கேட்டால் "இதாலதான் தங்கச்சி முதல் தண்ணி ஏறும்" என்று காலால் தட்டிக் காட்டுவார்கள். அந்த இடத்தைக் கட்டாயம் அளந்துகொள்ளுங்கள். ரயில் பாதையும் அப்படியே. போருக்குப் பிறகு புதிதாகப் போட்ட மண்கட்டு அது; பழைய தேசப்படத்தில் இருக்கும் உயரம் உதவாது.

மதகு ஒவ்வொன்றுக்கும் வாயின் அகலம், உயரம், அடி மட்டம், மேற்பக்கமும் கீழ்ப்பக்கமும். இனி மண்வெட்டி. வீதி வரைபடத்தில் 90 சென்ரிமீற்றர் ஹியூம் குழாய் என்று இருக்கும். குனிந்து பார்த்தால் கீழ்ப்பாதி சேறு, அதற்கு மேல் சல்வீனியா நீர்க்களை காய்ந்து பாய் போலப் படிந்திருக்கும், அதற்கு மேல் யோகட் கோப்பைகளும் உரப்பையும். தண்ணீர் போகக் கிடைப்பது ஒரு சாண் இடைவெளி. கொப்பியில் இரண்டு எண் எழுதுங்கள்: துப்புரவாக இருந்தால் எவ்வளவு, இப்போது எவ்வளவு. பிறகு மொடலை இரண்டு விதமாகவும் ஓட்டலாம். அந்த வித்தியாசத்தைப் பிரதேச சபைக் கூட்டத்தில் காட்டினால், மதகு துப்புரவாக்கக் காசு கேட்பதற்கு அதைவிட நல்ல சான்று வேறில்லை.

அளவு ஒன்றை மனதில் வைத்திருங்கள். 90 சென்ரிமீற்றர் குழாய் ஒன்று முழுதாக நிரம்பி, செக்கனுக்கு 2 மீற்றர் வேகத்தில் ஓடினால் செக்கனுக்கு 1.3 கன மீற்றர் தண்ணீர் போகும். அதே வீதியின் 200 மீற்றர் நீளத்துக்கு மேலால் 30 சென்ரிமீற்றர் ஆழத்தில் தண்ணீர் பாய்ந்தால் செக்கனுக்கு ஏறத்தாழ 50 கன மீற்றர். கிட்டத்தட்ட நாற்பது குழாய்க்குச் சமன். ஆகவே 2018 டிசெம்பரில் இங்கே வந்தது மாதிரியான பெருவெள்ளத்தில் யார் வீட்டுக்குத் தண்ணீர் போகும் என்பதை வீதியின் உயரமே சொல்லும். வழக்கமான மாரி மழையிலும், வெள்ளம் வடியும் நாட்களிலும் மதகுதான் சொல்லும். வெள்ளம் போனபின் கிழமைக்கணக்கில் தண்ணீர் நிற்கும் முற்றங்களுக்குப் பின்னால் பெரும்பாலும் ஓர் அடைபட்ட மதகு இருக்கும். வீதியைக் காப்பெற் போட்டு உயர்த்திவிட்டு மதகைப் பழைய அளவிலேயே விட்டால் என்ன நடக்கும் என்பதும் இந்தக் கணக்கில் இருக்கிறது. எங்கள் பக்கத்து உள்வீதி ஒன்றில் அதைத்தான் செய்தார்கள். யார் என்று சொல்லப் போவதில்லை.

மழையும் நிலமும்

மழைத் தரவுக்கு வளிமண்டலவியல் திணைக்களமும் நீர்ப்பாசனத் திணைக்களமும். காலை 8.30க்கு அளந்த 24 மணி நேரக் கூட்டுத்தொகை கிடைக்கும். மொடலுக்கு அது போதாது. 200 மில்லிமீற்றர் நாள் முழுதும் பரவிப் பெய்ததா, நள்ளிரவில் ஐந்து மணித்தியாலத்தில் கொட்டியதா என்பது பெரிய வித்தியாசம். நாசாவின் ஐமேர்க் செய்மதித் தரவு அரைமணிக்கு ஒருமுறை இருக்கிறது. அதன் அளவை நம்பாதீர்கள், வடிவத்தை மட்டும் எடுங்கள்: எத்தனை மணிக்குத் தொடங்கியது, எப்போது உச்சம். கூட்டுத்தொகையை மழைமானியில் இருந்து எடுத்து அந்த வடிவத்தில் பிரியுங்கள்.

வன்னியில் இன்னொரு சிக்கல். போர்க்காலத்து மழைப் பதிவுகளில் ஆண்டுக்கணக்கில் இடைவெளி. அந்த இடைவெளியை வெறும் சராசரி போட்டு நிரப்பி "நூறு ஆண்டு மழை" கணக்குப் பார்க்காதீர்கள். நீண்ட தொடர்ப் பதிவு உள்ள அயல் நிலையத்தை எடுத்து, எந்த நிலையம் என்று அறிக்கையில் எழுதுங்கள்.

மழையில் எவ்வளவு ஓட்டமாகும் என்பதற்கு வளைகோட்டு எண் முறை எளிது. நிலத்தின் தன்மைக்கு ஓர் எண் கொடுப்போம். எண் கூடக்கூட ஓட்டம் கூடும். 200 மில்லிமீற்றர் மழைக்கு, எண் 70 என்றால் சுமார் 111 மில்லிமீற்றர் ஓடிவரும். 85 என்றால் சுமார் 155. ஐப்பசி முதல் மழையில் காடு குடித்துவிடும். மார்கழியில் நிலம் ஊறி, மேலே உள்ள சின்னக் குளமெல்லாம் நிரம்பி நிற்கும்போது அதே மழை வேறு வெள்ளம். ஒரே மழையை இரண்டு எண்ணோடும் ஓட்டாமல் யாருக்கும் முடிவு கொடுக்காதீர்கள்.

இரணைமடுவுக்கு இதைப் போட்டுப் பார்ப்போம். நீரேந்து பரப்பு சுமார் 588 சதுர கிலோமீற்றர். அதன்மேல் 155 மில்லிமீற்றர் ஓட்டம் என்றால் 91 மில்லியன் கன மீற்றர். உயர்த்திக் கட்டிய பிறகு குளத்தின் முழுக் கொள்ளளவு சுமார் 147 மில்லியன். முக்கால்வாசி நிரம்பிய குளத்தில் இடம் இருப்பது 37க்கு மட்டும். மிச்சம் 54 மில்லியன் கன மீற்றர் கீழே வரத்தான் வேண்டும். ஒரு நாளில் வந்தால் சராசரியாகச் செக்கனுக்கு 625 கன மீற்றர். மேலே உள்ள குளங்கள் தடுத்து வைப்பதைக் கழிக்காத முரட்டுக் கணக்கு இது. ஆனாலும் கணினியைத் திறக்க முன்னம் இப்படி ஒரு கணக்கைத் தாளில் போட்டு வையுங்கள். மொடல் 60 என்றோ 6,000 என்றோ சொன்னால் எங்கோ அலகு பிழை என்று அப்போதே தெரியும். ஏக்கர் அடியும் கன மீற்றரும் கலந்து புழங்கும் ஊர் இது. ஓர் ஏக்கர் அடி சுமார் 1,233 கன மீற்றர்.

வான்கதவு

2018 டிசெம்பரில் திருத்திய குளத்தைத் திறந்துவைத்து அதிக நாள் ஆகவில்லை, 21ஆம் 22ஆம் திகதிகளில் மழை கொட்டியது. கதவுகள் திறந்தார்கள், கீழே கிளிநொச்சி மாவட்டத்தின் பல பகுதிகள் தண்ணீருக்குள் போயின. கதவை எப்போது திறந்திருக்க வேண்டும் என்ற வாக்குவாதம் எங்கள் பக்கத் தேநீர்க்கடைகளில் இன்றும் ஓடுகிறது. அந்த வாக்குவாதத்தைத் தீர்ப்பது உங்கள் வேலை இல்லை. ஆனால் அடுத்த முறைக்காக ஓட்டிப் பார்க்கலாம்.

மேலே சொன்ன கணக்கில், மழைக்கு ஒரு நாள் முன்னமே செக்கனுக்கு 150 கன மீற்றர் வீதம் திறந்துவிட்டால் 13 மில்லியன் கன மீற்றர் இடம் கிடைக்கும். பிறகு வரும் 625 என்பது 475ஆகக் குறையும். கேட்க இலேசாக இருக்கும். முன்கூட்டித் திறந்து மழை வராமல் போனால் சிறுபோகத்துத் தண்ணீர் கடலுக்குப் போய்விடும். கமக்காரர் சும்மா விடுவார்களா? ஆகவே ராஸில் கதவுத் திறப்பை நேர அட்டவணையாகக் கொடுத்து, முன்னம் திறந்தது, வான் மட்டம் வந்தபின் திறந்தது, ஒரு கதவு இறுகித் திறக்காமல் போனது என்று குறைந்தது மூன்று விதமாக ஓட்டி, பயனையும் இழப்பையும் பக்கத்துப் பக்கத்தில் வையுங்கள். முடிவை எடுப்பது கதவுக்குப் பொறுப்பான பொறியியலாளர்.

குளக்கட்டு உடைந்தால் என்ன ஆகும் என்றும் ஓட்டலாம், ஓட்டவும் வேண்டும். ஆனால் அந்தப் படத்தை முகநூலில் போடாதீர்கள். மாவட்டச் செயலகத்துக்கும் அனர்த்த முகாமைத்துவ நிலையத்துக்கும் கொடுங்கள். மழை இரவில் அப்படி ஒரு படம் கைபேசிகளில் சுற்றினால் சனம் இருட்டில் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடும்.

கட்டம் போடுவது

ராஸின் வரைபடப் பகுதியான ராஸ் மெப்பரில் ஆள்கூற்று முறையைக் கொடுத்து, நிலத்தை ஏற்றி, அளந்து வந்த வீதி, கட்டு உயரங்களை நிலத் திருத்தமாகச் சேருங்கள். பிறகு கணிப்புப் பரப்பை வரையுங்கள். பத்துக்குப் பன்னிரண்டு கிலோமீற்றர்ப் பரப்புக்கு 30 மீற்றர்க் கட்டம் போட்டால் ஒரு இலட்சத்து முப்பத்து மூவாயிரம் கட்டங்கள். சாதாரண மடிக்கணினி இரவில் ஓட்டி முடிக்கும். எல்லா இடமும் 10 மீற்றர் போட்டால் பன்னிரண்டு இலட்சம்; அந்த இரவு விடியாது. வயலுக்கு 30, நகருக்கும் மதகடிகளுக்கும் 10 என்று வையுங்கள்.

வீதி, கட்டு, ரயில் பாதை ஒவ்வொன்றின் முகட்டிலும் பிரேக்லைன் (கட்டங்களின் விளிம்பை முகட்டோடு ஒட்டவைக்கும் கோடு) வரையுங்கள். இல்லாவிட்டால் கட்டத்தின் நடுவில் கட்டு விழுந்து, தண்ணீர் அதற்கு ஊடாக ஒழுகிப் போவதாக மொடல் காட்டும். முதல் ஓட்டத்தில் வெள்ளம் குறைவாக இருக்கும்போதே கட்டின் மறுபக்கம் தண்ணீர் தெரிந்தால், அங்கே மதகு இல்லையென்றால், அதுதான் ஒழுக்கு. மதகுகளைத் தனியே இணைப்பாகக் கொடுக்க வேண்டும்.

நேரப்படி (ஒரு கணிப்புக்கும் அடுத்த கணிப்புக்கும் உள்ள இடைவெளி): 30 மீற்றர்க் கட்டத்தில் தண்ணீர் செக்கனுக்கு 1.5 மீற்றர் ஓடினால் 20 செக்கனுக்குமேல் போகாதீர்கள், 10 மீற்றருக்கு 5. முதலில் எளிய பரவல் சமன்பாட்டில் ஓட்டுங்கள், சரிவந்த பிறகு முழுச் சமன்பாடு. முடிவில் கனவளவுப் பிழை (வந்த தண்ணீருக்கும் போன, மிஞ்சிய தண்ணீருக்கும் கணக்கு இடிப்பது) நூற்றுக்கு ஒன்றுக்குமேல் இருந்தால் படத்தைப் பார்க்கவே வேண்டாம்.

கரடுமுரடு எண் (நிலம் ஓட்டத்தை எவ்வளவு தடுக்கும் என்பது): துப்புரவான வாய்க்கால் 0.03, சம்பு மண்டிய வாய்க்கால் 0.06 முதல் 0.08, நெல் நிற்கும் வயல் 0.04 முதல் 0.05, காடு 0.1 முதல் 0.15. இவற்றில் மயிர் பிளக்க வேண்டாம். மதகு ஒன்றை விட்டுவிட்டு 0.04ஆ 0.045ஆ என்று இரண்டு நாள் யோசிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன்.

கீழ் எல்லை களப்பு. இதைப் பலர் "கடல் மட்டம் பூச்சியம்" என்று போட்டுவிட்டுப் போய்விடுவார்கள். மாரியில் களப்பு பூச்சியத்தில் இருப்பதில்லை. முகத்துவாரம் மணல் மூடியிருந்தால் களப்பே எழும்பி ஆற்றைப் பின்னுக்குத் தள்ளும். முல்லைத்தீவின் நந்திக்கடல் களப்புக்கு வட்டுவாகல் பக்கம் முகத்துவாரம் வெட்டிவிடுவது ஏன் என்று மீனவர்களிடம் கேளுங்கள். எந்த மாதம் எந்த உயரத்துக்குத் தண்ணீர் வரும் என்பதையும் அவர்களே சொல்வார்கள். மூடிய களப்பு, திறந்த களப்பு இரண்டையும் ஓட்டுங்கள்.

சரிபார்த்தல்

2018ஐ மொடலில் திரும்ப ஓட்டி, உண்மையில் வந்த தண்ணீரோடு பொருந்துகிறதா என்று பார்க்க வேண்டும். இரண்டு வழி.

ஒன்று செய்மதி. சென்ரினல்-1 ராடார் முகிலுக்கு ஊடாகப் பார்க்கும், மழை நாளிலும் படம் எடுக்கும், இலவசம். தண்ணீர் கறுப்பாகத் தெரியும். ஆனால் மார்கழியில் எங்கள் வயலில் எப்படியும் தண்ணீர் நிற்கும், அதுவும் கறுப்பு. வெள்ளப் படத்தை மட்டும் பார்த்தால் பயிர்வயல் எல்லாம் வெள்ளம் என்று வரும். ஆகவே வெள்ளத்துக்கு இரண்டு கிழமை முன்னர் எடுத்த படத்தைக் கழித்துப் பாருங்கள். செய்மதி கடந்துபோன நேரமும் முக்கியம். உச்ச வெள்ளம் வடிந்து ஒரு நாள் கழித்து எடுத்த படத்தோடு உச்சத்தை ஒப்பிட்டுவிட்டு மொடல் கூடக் காட்டுகிறது என்று சொல்லாதீர்கள்.

மற்றது வீடு வீடாகக் கேட்பது. ஆண்டைச் சொல்லிக் கேட்டால் குழப்பம் வரும். "நத்தாருக்கு முதல் வந்த வெள்ளம்" என்று கேளுங்கள். கண்டாவளையில் ஓர் அம்மா என்னைக் கையில் பிடித்து உள்ளே கூட்டிப்போய், "இஞ்ச பார் பிள்ளை, சாமித்தட்டுக்கு ஒரு முழம் கீழ. நான் விளக்கைத் தூக்கி மேல வச்சனான்" என்று சுவரைக் காட்டினார். சுண்ணாம்புக்கு அடியில் பழுப்புக் கோடு இன்னும் தெரிந்தது. நாடாவைப் பிடித்து நிலத்திலிருந்து அளந்தேன். பிறகு வாசற்படியின் மட்டத்தை வெளியில் இருந்து எடுத்தேன். உள்நிலம் முற்றத்தைவிட உயரமாக இருக்கும். அதை அளக்காமல் வந்தால் அந்தக் கோட்டுக்குப் பெறுமதி இல்லை. இப்படி இருபது முப்பது குறிகள் கிடைத்தால் போதும். அரை அடிக்குள் பொருந்தினால் நல்ல மொடல். ஒரே ஒரு பகுதியில் மட்டும் பொருந்தாவிட்டால் கரடுமுரடு எண்ணைத் தொடாதீர்கள். அங்கே நீங்கள் அளக்காத ஒரு கட்டோ மதகோ இருக்கிறது, திரும்பப் போங்கள்.

2018க்கு முந்திய குறி தேடினால் எங்கள் பக்கம் பெரிதாகக் கிடைக்காது. 2008 நவெம்பர் நிஷா புயல் நேரம் சனம் போரால் இடம்பெயர்ந்து மரத்தடியில் இருந்தது. அப்போது இருந்த வீடுகளில் பல இப்போது இல்லை. சுவரே இல்லாத இடத்தில் கோடு எங்கே தேடுவது? அந்த வெள்ளத்தை நினைவில் வைத்திருப்பவர்களும் எந்த ஊரில் நின்று பார்த்தார்கள் என்பதைக் கேட்டு எழுதுங்கள். சொந்த ஊராக இருக்காது.

என்ன கொடுப்பது

நீலம் பூசிய வரைபடத்தை எல்லாரும் கேட்பார்கள், கொடுங்கள். ஆனால் அதோடு ஒரு பக்க அட்டவணை ஒன்றும் கொடுங்கள்: வீதியின் பெயர், தாழ்ந்த இடம், கதவு திறந்து எத்தனை மணித்தியாலத்தில் தண்ணீர் ஏறும், எவ்வளவு ஆழம், எவ்வளவு நேரம் நிற்கும். ராஸ் மெப்பரில் வந்துசேரும் நேரத்தைத் தனிப் படலமாக எடுக்கலாம். கிராம அலுவலர் கையில் எடுத்துப் பாவிப்பது இந்தத் தாளைத்தான்.

ஆழத்தை மட்டும் எழுதாமல் வேகத்தையும் பெருக்கிக் காட்டுங்கள். அவுஸ்திரேலிய வழிகாட்டலில் ஆழத்தை மீற்றரிலும் வேகத்தைச் செக்கனுக்கு மீற்றரிலும் பெருக்கி, 0.6ஐத் தாண்டினால் எவருக்குமே பாதுகாப்பில்லை என்று வைத்திருக்கிறார்கள். முழங்காலளவு, அரை மீற்றர்தானே என்று மோட்டார்சைக்கிளை இறக்குவார்கள். வீதிக்கு மேலால் அது 1.5 மீற்றர் வேகத்தில் ஓடினால் பெருக்கம் 0.75. அப்படிப்பட்ட இடங்களைச் சிவப்பில் போடுங்கள்.

நகரத் திட்டத்துக்குக் கொடுப்பதென்றால் "நூறு ஆண்டு வெள்ளம்" என்று மட்டும் எழுதாதீர்கள். நூறு ஆண்டுக்கு ஒருமுறை என்று நினைத்து, 2018இல் வந்தாயிற்று, இனி எங்கள் பேரப்பிள்ளைகளுக்குத்தான் என்று கணக்குப் போடுவார்கள். ஒவ்வோர் ஆண்டும் நூற்றுக்கு ஒன்று வாய்ப்பு. முப்பது ஆண்டுக் கடனில் கட்டிய வீட்டுக்கு அந்தக் கடன் முடிய முன்னம் வர நூற்றுக்கு இருபத்தாறு வாய்ப்பு. இப்படிச் சொன்னால் கடன் எடுத்தவருக்குப் புரியும்.

கடைசியாகக் கோப்பு. மொடலை உங்கள் மடிக்கணினியில் மட்டும் வைத்திருக்காதீர்கள். ஒரு பிரதி பிரதேச சபைக்கு, ஒரு பிரதி நீர்ப்பாசனத் திணைக்களத்துக்கு, அளவுக் கொப்பியின் நிழற்படப் பிரதியோடு. எந்த மதகு எந்தத் திகதியில் அளந்தது என்பது அதில் இருக்கட்டும். புதிய வீதி போட்டால், குழாய் மதகைப் பெட்டி மதகாக மாற்றினால், வாய்க்காலைக் கொங்கிறீற் பூசினால், அந்தக் கோடை முடிய முன்னம் போய்த் திரும்ப அளந்து மாற்றுங்கள். ஆவணியில் நாடா பிடிக்க ஆள் தேவையென்றால் உயர்தரம் எழுதிவிட்டு வீட்டில் இருக்கும் பிள்ளைகளைக் கூப்பிடுங்கள். ஆர்வமாக வருவார்கள், மதியச் சாப்பாடு மட்டும் நீங்கள் பார்த்துக்கொள்ள வேண்டும்.